பொந்தும் இடுக்கும்: நீலகிரி வீட்டுத் தோட்டத்தில் சிற்றுயிர்களுக்கு இடம் அமைக்க ஒரு முழு வழிகாட்டி

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஐந்தடி உயரத்தில் ஒரு கல் கட்டு இருக்கிறது. மேல்தட்டு மண் சரியாமல் இருக்க அந்தக் காலத்தில் சிமெண்டு போடாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டியது. நான்கு வருடத்துக்கு முன்பு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அதன் சந்துகளை எல்லாம் சிமெண்டு வைத்து அடைக்கச் சொன்னேன். மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் புதர்ச்சிட்டு ஜோடி ஒன்று வந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டு உள்ள ஆண், வேலிக்கம்பியில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறப் பெட்டை வாயில் காய்ந்த புல்லோடு சுவரில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது. போன வருடம் அதன் கூடு அங்கேதான் இருந்தது. சிமெண்டில் கால் ஊன்ற முடியாமல் சிறகடித்து இறங்கும், மறுபடியும் போகும். அரை மணி நேரம் பார்த்தேன். அன்று மாலையே உளியை எடுத்து நான்கு சந்துகளைத் திறந்துவிட்டேன். அந்த வருடம் அது வரவில்லை. அடுத்த வருடம் வந்தது.

ஊருக்குள் பறவைக்கும் பூச்சிக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் அரிசியும் கம்பும்தான் வைக்கிறார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போன்ற ஊர்களில் இரைக்குப் பெரிய பஞ்சம் இல்லை. ஒளியவும், முட்டையிடவும், குளிருக்கு ஒடுங்கவும்தான் இடம் இல்லை. ஓட்டு வீடு போய் கான்கிரீட் வந்தது, கல் கட்டு போய் சிமெண்டுச் சுவர் வந்தது, பட்ட மரம் விறகாகப் போனது. ஆக, நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியது பொந்தும் இடுக்கும்தான். ஐந்து சென்ட் இடம் இருந்தால் கீழே சொல்வது எல்லாவற்றையும் செய்யலாம். வாடகை வீடு என்றால் கூடு பெட்டியும் தண்ணீர்த் தட்டும் போதும்.

யாரைக் கூப்பிடக் கூடாது

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சமவெளி ஊர்களுக்கு எழுதிய தோட்டக் குறிப்புகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கரடி, சிறுத்தை, காட்டெருமை, காட்டுப்பன்றி எல்லாம் நடமாடுகின்றன. அவை வீட்டருகே வந்து பழகினால் மனிதருக்கும் ஆபத்து, அவற்றுக்கும் ஆபத்து. அதனால் நாம் கட்டுவது எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் உயிர்களுக்கு மட்டும். குவியல் எதுவும் முழங்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது. சமையல் கழிவு, பழத்தோல், எண்ணெய்ப் பிசுக்கு உள்ள எதுவும் அதில் சேரக் கூடாது. கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கே கதவை உடைக்கும் கரடி, உங்கள் உரக்குழியை விட்டுவைக்காது. ஆள் உயரத்துக்கு மண்டிய உண்ணிச்செடிப் புதர் சிறுத்தை படுக்க வசதியான இடம். வீட்டை ஒட்டி இருந்தால் அதை எடுத்துவிட வேண்டியதுதான். நாயை இரவில் வெளியே கட்டிப் போடாதீர்கள். குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

ஒரு வாரம் சும்மா பாருங்கள்

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் முதலில் எங்கே விழுகிறது, மதியம் எங்கே நிழல், மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, உறைபனி எங்கே படிகிறது என்று எழுதுங்கள். ஊட்டியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளத்தில் வெள்ளையாக விரித்தது போல் பனி கிடக்கும். பத்தடி மேலே இருக்காது. கூடவே, இப்போதே அங்கே யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு பழைய பூந்தொட்டியைத் தூக்கினால் போதும், உங்கள் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பார்த்துவிட்டு அதே இடத்தில் மெதுவாக வையுங்கள்.

காப்புக்காட்டுக்கு அருகில் இருப்பவர்கள் சோலைக்காட்டின் தரையைக் கவனித்துப் பார்க்கலாம். கோத்தகிரியின் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான்; ஊரை ஒட்டியே இருக்கிறது; 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பாசி மூடி விழுந்து கிடக்கும் மரம், அதன் அடியில் ஈரம், மேலே இலைச் சருகு, பக்கத்தில் ஒரு கல் என்று அந்தத் தரையில் கிடப்பதைத்தான் நாம் தோட்டத்தில் சின்ன அளவில் செய்யப் போகிறோம். அங்கிருந்து ஒரு குச்சி, ஒரு பிடி பாசி கூட எடுத்து வரக் கூடாது. அது காப்புக்காடு.

கல் கட்டு

உங்களிடம் பழைய கல் கட்டு இருந்தால் அதைவிடச் சிறந்த அமைப்பு வேறு எதுவும் இல்லை. சிமெண்டு பூசாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. புதுத் தடுப்புச்சுவர் கட்டுகிறீர்கள் என்றால் தண்ணீர் வடியும் துளைகளைக் கண்டிப்பாக வைக்கச் சொல்லுங்கள். துளை இல்லாத சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கி, மண் ஊறி, ஒரு நாள் மொத்தமாகத் தள்ளிவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளை மறக்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவர் உயரமாக இருந்தால் மேஸ்திரியோடு நிற்காமல் பொறியாளரையும் கேளுங்கள். வடிகால் துளைகளைத் தவிர, சுவரின் முகப்பில் தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் மறுபக்கம் திறக்காத குருட்டுச் சந்துகள் இரண்டு மூன்றை விடச் சொல்லலாம். வாய் இரண்டு அங்குலம், ஆழம் ஏழு எட்டு அங்குலம், உள்ளே லேசாக மேல்நோக்கிய சரிவு. புதர்ச்சிட்டுக்கு அது போதும்.

சுவரே இல்லையா? வெயில் படும் இடத்தில் கல் குவியல் போடுங்கள். அடியில் அரையடி பள்ளம் தோண்டி, பெரிய கல்லை அடியிலும் சிறிய கல்லை மேலும் வைத்து, நடுவில் சந்து இருக்கும்படி அடுக்க வேண்டும். அடுக்கிய பிறகு ஆடக் கூடாது. கல் நகர்ந்தால் உள்ளே இருக்கும் உயிர் நசுங்கும். அரணை வெயில் காயும், அடியில் சிலந்தியும் பூரானும் இருக்கும்.

"பாம்பு வராதா தம்பி?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வரும், அக்கா. வருவதில் பெரும்பாலானவை மண்ணுக்குள் வாழும் சின்னப் பாம்புகள். வால் கத்தியால் வெட்டியது போல் மொட்டையாக இருக்கும், மண்புழுதான் தின்னும், கையில் எடுத்தாலும் கடிக்க முயலாது. தோட்டம் கொத்தும்போது இதைப் பார்த்துவிட்டு விஷப்பாம்பு என்று எத்தனையோ பேர் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். அதே சமயம் இந்த உயரத்திலும் விரியன் வகை ஒன்று உண்டு. அதற்கு விஷம் உண்டு. எனவே கல் குவியலும் கட்டைக் குவியலும் வாசலிலிருந்தும், குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் குறைந்தது பதினைந்து அடி தள்ளி இருக்கட்டும். கையுறை இல்லாமல் அதற்குள் கை விடாதீர்கள்.

கட்டைக் குவியல்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செலவே இல்லை, பலனோ அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மரம் எங்கே கிடைக்கும்? நம் மலையில் வெட்டிப் போட்ட சீகை (வாட்டில்) மரத்துக்கும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்துக்கும் பஞ்சமே இல்லை. சீகையை எடுங்கள். கற்பூர மரத்தின் எண்ணெய் பல பூச்சிகளுக்கு ஆகாது, மக்கவும் நாளாகும். சில்வர் ஓக் கட்டையும் நல்லது. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்த கிளைகள் கிடைத்தால் கேட்டு வாங்கலாம். ஒரே எச்சரிக்கை: சீகையின் காயும் விதையும் உள்ள சிறு கிளைகளைக் கொண்டுவராதீர்கள். அந்த விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். நாம் தவளைக்கு வீடு கட்டப் போய் சீகைக் காட்டை வளர்த்துவிடக் கூடாது.

மரத்தடியிலோ வடக்குச் சுவர் நிழலிலோ நான்கடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி ஆழத்தில் பள்ளம் தோண்டுங்கள். தோண்டிய மண்ணை ஓரமாக வையுங்கள். அரையடிக்குக் குறையாத பருமனுள்ள கட்டைகளைப் பட்டையை உரிக்காமல் பள்ளத்தில் நெருக்கமாகப் படுக்க வையுங்கள். இவை பாதி மண்ணுக்குள் இருக்க வேண்டும். மண்ணைத் தொடும் கட்டைதான் ஈரத்தை இழுத்து மக்கும். மண் படாமல் அடுக்கி வைத்தால் அது விறகாகவே காய்ந்து கிடக்கும். நிறையப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். இடைவெளிகளில் ஒரு பங்கு மண், மூன்று பங்கு சருகு என்று தளர்வாகப் போடுங்கள். அழுத்தி மிதிக்க வேண்டாம். அதன் மேல் கொஞ்சம் மெல்லிய கட்டைகளைக் குறுக்காக அடுக்குங்கள். மேலே குச்சியும் சருகும் பரப்பி, முழங்கால் உயரத்தில் நிறுத்துங்கள். மர நிலைக்கதவு, மரத்தூண் உள்ள வீடு என்றால் கறையானுக்காகக் கூடுதலாகத் தள்ளி வையுங்கள்.

அப்புறம் தொடாதீர்கள். தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். முதல் மழைக்கே காளான் வரும். அடுத்த வருடம் ஒரு கட்டையின் பட்டை லேசாகத் தூக்கிக்கொள்ளும். அடியில் வண்டுப்புழு துளைத்த தூள் மாவு போல் சிந்திக் கிடக்கும். குண்டுக்கரிச்சான் வந்து அதைக் கிளறும்.

எங்கள் குவியலுக்கு இரண்டாவது ஜூன் மாதத்தில் புதர்த்தவளை வந்தது. கட்டை விரல் நகத்தில் உட்காரக்கூடிய அளவு. சாரல் அடிக்கும் மாலையில், கண்ணாடி டம்ளரைச் சின்னக் கரண்டியால் தட்டியது போல் டிக், டிக் என்று சத்தம் வரும். டார்ச் அடித்தால் நின்றுவிடும். இந்த வகைத் தவளைக்குக் குளமே வேண்டாம். ஈரச் சருகிலும் பாசிக்கடியிலும் இலைமேலும் முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவம் தண்ணீரில் கழிவதில்லை. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, நான்கு காலோடு குட்டித் தவளையாக வெளியே வந்துவிடும். அதற்கு நாம் கொடுக்க வேண்டியது ஈரமும் சருகும் மட்டுமே. தோட்டத்தைத் தினமும் கூட்டிச் சருகைக் கொளுத்துவதை நிறுத்தினாலே இந்தத் தவளைக்குப் பெரிய உதவி.

பட்ட மரம் ஏதாவது நின்றால், வீட்டின் மேலோ வழியிலோ விழாது என்று உறுதியாகத் தெரிந்தால் நிற்க விடுங்கள். ஆபத்து என்றால் ஏழெட்டு அடி உயரத்துக்கு அடிமரத்தை விட்டு மேலே மட்டும் குறைக்கலாம். குக்குறுவான் அதில் பொந்து குடையும்; அது விட்டுப்போன பொந்தில் மற்றப் பறவைகள் குடியேறும். மரத்தில் கை வைப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலம் என்றாலும் பொருந்தும்.

கூடு பெட்டி

கடையில் விற்கும் வண்ணப் பெட்டிகளில் பல அழகுக்குத்தான். ஒட்டுப்பலகையில் செய்தது நம் மழையில் ஒரு வருடத்தில் பிரிந்துவிடும். முக்கால் அங்குல சில்வர் ஓக் அல்லது சைப்ரஸ் பலகை வாங்கி நாமே செய்துகொள்ளலாம். உள்ளே தரை ஐந்துக்கு ஐந்து அங்குலம். பின்பலகை பத்து அங்குலம், முன்பலகை எட்டரை. அப்போதுதான் கூரை முன்பக்கம் சரியும். கூரை வாசலுக்கு மேல் இரண்டு அங்குலம் நீண்டிருக்க வேண்டும். வாசல் துளை தரையிலிருந்து ஆறு அங்குல உயரத்தில். பட்டாணிக்குருவிக்கு, அதாவது கறுப்புத் தலையும் வெள்ளைக் கன்னமும் நெஞ்சில் கறுப்புக் கோடும் உள்ள குருவிக்கு, 28 மில்லிமீட்டர் துளை. சிட்டுக்குருவிக்கு 32 முதல் 35 மில்லிமீட்டர். துளை பெரிதானால் மைனா உள்ளே தலையை விடும்.

முன்பலகையின் உள்பக்கம் துளைக்குக் கீழே ஆணியால் குறுக்குக் கீறல்கள் போடுங்கள். வழவழப்பான பலகையில் குஞ்சு ஏற முடியாது. தரையின் நான்கு மூலையிலும் சிறு வடிகால் துளை வேண்டும். ஒரு பக்கப் பலகையைத் திருகாணியால் பொருத்தினால் பிற்பாடு திறந்து சுத்தம் செய்யலாம். உள்ளே பெயிண்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம். வாசலில் உட்காரக் குச்சியும் வைக்காதீர்கள். குருவிக்கு அது தேவையில்லை. காக்கைதான் அதில் நின்று குஞ்சைத் தேடும்.

ஏழு முதல் பத்தடி உயரத்தில், பூனை தாவ முடியாத சுவரில், வாசல் கிழக்கே பார்க்கும்படி மாட்டுங்கள். காலை வெயில் கிடைக்கும்; குஞ்சு பெரிதாகும் நேரத்தில் தொடங்கும் தென்மேற்குச் சாரலுக்கு முதுகு காட்டி நிற்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்கு மழைதானே அதிகம் என்று கேட்கலாம். அது அக்டோபரில்தான் வரும், அப்போது பெட்டி காலி. சிட்டுக்குருவி கூட்டமாக வாழும் என்பதால் மூன்று நான்கு பெட்டிகளை வரிசையாக மாட்டலாம். பட்டாணிக்குருவிக்குத் தோட்டத்துக்கு ஒன்று போதும். பக்கத்தில் இன்னொரு ஜோடியை அது விடாது.

வராந்தா உள்ளவர்களுக்கு இன்னொன்று. நம் மலையில் தகைவிலான் வீட்டு விட்டத்தில் சேற்று உருண்டைகளை ஒட்டிக் கிண்ணம் போலக் கூடு கட்டும். எச்சம் விழுகிறது என்று கம்பால் தட்டிவிடுகிறார்கள். கூட்டுக்கு ஓரடி கீழே ஒரு பலகையை ஆணியடித்துவிட்டால் தீர்ந்தது. கூடு இல்லாத வராந்தாவில் கூரைக்கு அரையடி கீழே நான்கு அங்குல அகலத்தில் ஒரு சிறு தட்டு பொருத்திப் பாருங்கள்.

தண்ணீர்

மண் தட்டு, இரண்டு அங்குல ஆழம், நடுவில் ஒரு சொரசொரப்பான கல். புதரிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள், பூனை பதுங்காமல் இருக்க. இரண்டு நாளுக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றினால் கொசுப்புழு வளர நேரம் இருக்காது.

குளம் வேண்டும் என்பவர்கள் சிறியதாகவே வையுங்கள். பழைய தொட்டி ஒன்றைப் புதைத்து, ஒன்றரை அடி ஆழம், ஒரு பக்கம் கல் அடுக்கிப் படி போல. படி இல்லாத தொட்டி, விழுந்த ஓணானுக்கும் அணிலுக்கும் சாவுக்குழி. மழைநீர் நிரப்புங்கள். கொசுவுக்காக மீன் விடாதீர்கள். தலைப்பிரட்டையையும் தின்றுவிடும், தட்டாரப்பூச்சியின் புழு அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். தட்டு நிலத்தின் விளிம்பில், தடுப்புச்சுவருக்கு மேலே குளம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் கசிந்தால் சரிவு இளகும். இடம் இல்லை என்றால் தண்ணீர்த் தட்டோடு நில்லுங்கள்.

இதோடு சேர்த்து, தோட்டத்தில் செங்குத்தாக நிற்கும் திறந்த குழாய்களுக்கு எல்லாம் வலை கட்டுங்கள். வேலிக்கம்பமாக நட்ட இரும்புக் குழாயும் அப்படித்தான். பொந்து என்று உள்ளே இறங்கும் குருவி வழவழப்பில் ஏற முடியாமல் அங்கேயே சாகும்.

தனித்தேனீ

கூட்டமாக வாழாமல் தனியாகத் துளையில் முட்டையிடும் தேனீக்கள் நிறைய உண்டு. ஒரு பக்கம் கணுவால் மூடிய மெல்லிய மூங்கில் துண்டுகளை, ஐந்து ஆறு அங்குல நீளத்தில், உள்துளை 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை கலந்து, ஒரு தகர டப்பாவில் இறுக அடுக்கி, மழை படாத இடத்தில் காலை வெயில் படும்படி ஆடாமல் கட்டுங்கள். வாய் சேற்றாலோ இலைத்துண்டாலோ அடைபட்டிருந்தால் உள்ளே முட்டை இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை காலியான துண்டுகளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மண்ணில் வளை தோண்டும் தேனீக்களுக்கு, வெயில் படும் ஒரு மண் விளிம்பைப் புல் இல்லாமல் விட்டால் போதும்.

வேலியும் செடியும்

சிமெண்டுச் சுவருக்கும் கம்பி வேலிக்கும் பதிலாக உயிர்வேலி வைக்க முடிந்தால் அதுதான் உயர்ந்த காரியம். மஞ்சள் பூவும் முள்ளும் உள்ள ஊசிக்கலா நல்ல வேலி. பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும், முள்ளுக்குள் கூடு கட்டினால் பூனை தொடாது. தவிட்டுப்பழம், குறிஞ்சி வகைகள், இடம் பெரிதாக இருந்தால் விக்கி மரமும் காட்டுப்பூவரசும் நடலாம். தவிட்டுப்பழத்தை மட்டும் வீட்டை ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள், இனிப்புப் பழம் அல்லவா. ஜூன் மழையில் நட்டால் நன்றாக வேர் பிடிக்கும். வனத்துறை நாற்றங்காலிலும் கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பிடமும் சோலைக் கன்றுகளைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

இப்படி அடர்ந்த வேலியில்தான் நம் மலை ஓணான் இருக்கும். பச்சையும் பழுப்பும் கலந்த உடம்பு, முதுகில் முள் வரிசை. நீலகிரியையும் பழனி மலையையும் விட்டால் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அது ஓடுவதில்லை. நாம் கிட்டே போனால் கிளையின் மறுபக்கம் மெதுவாகத் திரும்பிக்கொள்ளும். நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். கத்தரி எடுத்து வேலி வெட்டுபவர்கள் இதைப் பார்க்காமலே வெட்டிவிடுகிறார்கள். பிப்ரவரி முதல் ஜூன் வரை வேலியில் கத்தரி வைக்காதீர்கள். களைக்கொல்லியும் எலி விஷமும் வேண்டாம். விஷம் தின்ற எலியைக் கூகை தின்றால் கூகையும் போய்விடும்.

எப்போது எதைச் செய்வது

வடகிழக்கு மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில் கல், கட்டை வேலைகளை முடியுங்கள். கூடு பெட்டி ஜனவரிக்குள் மாட்டியிருக்க வேண்டும். பிப்ரவரியிலேயே குருவிகள் இடம் தேட ஆரம்பித்துவிடும். முதல் வருடம் யாரும் வரவில்லை என்றால் பெட்டியை இடம் மாற்றாதீர்கள், இரண்டு வருடம் பொறுங்கள். மூன்றாவது வருடமும் காலி என்றால் வெளிச்சம் காரணமா என்று பாருங்கள். இரவு முழுவதும் வாசல் விளக்கு எரியும் சுவரில் எதுவும் கூடு கட்டாது.

செப்டம்பரில் ஒரு வெயில் நாளில், உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பெட்டியைக் கழற்றிப் பழைய கூட்டை எடுத்துக் கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காயவையுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், உண்ணியும் தூசியும் இருக்கும். எங்கள் பெட்டியிலிருந்து போன வருடம் எடுத்த கூட்டில் அடியில் பச்சைப் பாசி ஓரங்குலம், அதன் மேல் எங்கள் நாயின் முடி, நடுக்குழியில் அக்கா வீட்டுக் கம்பளிச் சட்டையிலிருந்து வந்த சிவப்பு நூல் நான்கைந்து இருந்தன. காய்ந்த பெட்டியைத் திருகாணி இறுக்கி அதே ஆணியில் மறுபடி மாட்டிவிட்டேன்.